இரங்கல் எப்படி இறங்கல் ஆகிறது? கைப்பேசித் தட்டச்சும் குழுச் சண்டையும்

மூத்த எழுத்தாளர் ஒருவரின் மறைவுச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் அஞ்சலி எழுதுகிறார்கள். அவர்களில் மூன்று நான்கு பேர் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டிருப்பார்கள். உடனே ஒருவர், “இறங்குவதற்கு இது என்ன பேருந்தா? இரங்கல்!” என்பார். இன்னொருவர் அதற்குச் சிரிக்கும் இமோஜி போடுவார். திருத்தப்பட்டவர், “துக்க வீட்டில் இலக்கண வகுப்பா?” என்று திருப்பிக் கேட்பார். இரவு பத்து மணிக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறியிருப்பார்கள். இறந்தவரைப் பற்றி அதன்பின் ஒரு வரிகூட வராது. சிங்கப்பூரில் தமிழ் எழுத்துக் குழு எதையாவது நடத்துகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

எழுத்துப்பிழையில் தொடங்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை விசைப்பலகையில் விழுகிறது. ஒரு பிழையைப் பார்த்தால் அது எந்த விசைப்பலகையில், எப்படிப் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். குழு நடத்துநருக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால், யாரிடம் என்ன பேசுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் தமிழ்99. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தொடங்கிய பேச்சு, 1999இல் சென்னை மாநாட்டில் முடிவுக்கு வந்து பிறந்த விசையமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். கணினியில் சுகமாக இருக்கும். கைப்பேசித் திரையில்தான் நெருக்கடி. நடு வரிசையில் ஆங்கிலத்துக்கு 9 விசைகள், தமிழ்99க்கு 11. அதே அகலத்தில் இரண்டு விசைகள் கூடினால் ஒவ்வொன்றும் ஒடுங்கத்தானே செய்யும்? கட்டைவிரல் பக்கத்து விசையைத் தொட்டுவிடுகிறது. ப-வுக்குப் பக்கத்தில் ம இருப்பதால் ‘பதிப்புரை’ ‘மதிப்புரை’ ஆகிறது. இரண்டுமே நல்ல சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. புத்தக வெளியீட்டு அழைப்பிதழில் அப்படியே போய்விடும். ல-வும் ர-வும் அடுத்தடுத்து இருப்பவை. மரத்தைப் பற்றி ஹைக்கூ எழுதுகிறவர்கள் அனுப்புமுன் ஒருமுறை, தயவுசெய்து, படித்துப் பார்க்கவும்.

தமிழ்99இன் இன்னொரு பிழை, அது செய்யும் உதவியிலிருந்தே வருகிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே. ‘வணக்கம்’ என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி என ஆறே தட்டல். ஆனால் ‘முகக்கவசம்’ எழுத மு-வுக்குப் பிறகு க-வை மூன்று முறை தட்டினால் ‘முக்ககவசம்’ வந்து நிற்கும். முதல் க-வுக்குப் பின் அ விசையை ஒருமுறை தட்டி, பிறகு க, க என்று தொடர வேண்டும். ‘பப்பாளி’க்கும் அப்படித்தான்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த அ விசையின் வேலை தெரியாமல் பத்து ஆண்டுகளாகத் தமிழ்99 பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் ன-வும் ண-வும் பக்கத்தில் இல்லை. நடுவில் ட இருக்கிறது. ல கீழ் வரிசை, ள மேல் வரிசை. ர கீழே, ற மேலே. ஆகவே தமிழ்99இல் எழுதுகிறவர் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினால் அது விரல் வழுக்கியது ஆகாது, அவருக்கு அந்த இடத்தில் ஐயம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதும் அஞ்சல் முறையில் நிலைமை தலைகீழ். அங்கே ள, ண, ற மூன்றுக்கும் ஷிப்ட் விசை வேண்டும். தொடுதிரையில் ஷிப்ட் என்பது தனியாக ஒரு தட்டல். ஓடும் எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர் அதை விட்டுவிடுவார். ‘வண்ணம்’ ‘வன்னம்’ ஆகும், ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகும். அவருக்கு இலக்கணம் தெரியும். கைதான் ஒன்று குறைவு.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ்ச் சொற்களை மேலே பட்டியலிடும் முறை. நம்மூரில் இளையர்கள் பலரும் இதில்தான் எழுதுகிறார்கள். இதில் தவறு முழுச்சொல்லாகவே வரும். குரல்–குறள், மனம்–மணம், வலி–வழி–வளி எல்லாம் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே தட்டல். ‘இறங்கல்’ பெரும்பாலும் இங்கே பிறப்பதுதான். பட்டியலில் முதலில் நிற்பதைக் கட்டைவிரல் தொட்டுவிடுகிறது, கண் அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

இதே முறையில் இன்னொரு குறையும் உண்டு. பட்டியலில் சொல்லைத் தொட்டதும் விசைப்பலகை தானாக ஓர் இடைவெளி விடும். பிறகு வேற்றுமை உருபைத் தட்டினால் அது ஒட்டாமல் ‘சிங்கப்பூர் க்கு’ என்று தனியே நிற்கும். பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் இடைவெளி போகும், இன்னொரு முறை தட்டினால் ர்-இன் புள்ளி போகும். அதன்பின் உகரமும் ‘க்கு’வும் சேர்த்தால் ‘சிங்கப்பூருக்கு’. பல விசைப்பலகைகளில் பின்னழிப்பு ஒரே தட்டலில் முழு எழுத்தையும் அழிக்காது, உயிர்க்குறியை மட்டும் அழிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘போ’வை அழிக்க நினைத்தால் ‘ப’ மிஞ்சும்.

வல்லின ஒற்றும் இப்படித்தான். ஒற்று மிகுமா என்பது அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது. அடுத்த சொல்லை நீங்கள் இன்னும் எழுதவே இல்லை. விசைப்பலகை எதைக் கொண்டு முடிவு செய்யும்? ஒற்றில்லாமல் ‘சிங்கப்பூர் தமிழ்’ என்றே தரும். சந்திப்பிழைக்காகக் குழுவில் ஒருவரைக் கிழிப்பவர்கள், அவர் எதில் எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

குரல்வழித் தட்டச்சைப் பற்றி இரண்டே வரி. நிறுத்தக்குறி பெரும்பாலும் வராது, ஈசூன், தோ பாயோ, புக்கிட் பாத்தோக் போன்ற நம் ஊர்ப்பெயர்களை உடைத்துப் போடும். அதில் எழுதியது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

எழுத்துப்பிழை வெறும் கேலியோடு போய்விடலாம். மரியாதைப் பிழை அப்படிப் போகாது. ‘சொன்னா’ வரை எழுதியதும் சொன்னார், சொன்னான், சொன்னாள் மூன்றும் மேலே வரிசையாக நிற்கும். ஓர் அரை சென்டிமீட்டர் தள்ளித் தொட்டால், எழுபது வயது ஐயா ‘சொன்னான்’ ஆகிவிடுகிறார். எழுதியது பதினெட்டு வயதுத் தொடக்கக் கல்லூரி மாணவி என்றால், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று தொடங்கிவிடும். துணைக்காலும் அப்படி ஆளைக் கவிழ்க்கும். தமிழில் கேள்வியைச் சுமப்பது பெரும்பாலும் கடைசி ஆகாரம்தான். ‘நீங்கள் எழுதியதா’ என்பது கால் போய் ‘எழுதியது’ என்று விழுந்தால் கேள்வி அறிக்கையாகிவிடும். இன்னொரு பக்கம், ‘நீங்களே எழுதியதா?’ என்பதில் உள்ள ஏகாரம் விரல் வழுக்கி வருவதில்லை. அது திருட்டுக் குற்றச்சாட்டு. ‘நன்றாகவே இருக்கிறது’ என்பதும் பாராட்டுப்போல உட்கார்ந்திருக்கும் குத்தல்தான். நடத்துநர் கவனிக்க வேண்டியவை இந்த ஏகாரங்களே. ற-வையும் ர-வையும் விட்டுவிடலாம்.

கைப்பேசியில் செய்யக்கூடியவை சில. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஒரு தவறான சொல் திரும்பத் திரும்பப் பரிந்துரையாக வந்தால், அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துவிட்டால் போய்விடும். உறுப்பினர் பெயர்களை அதன் டிக்‌ஷனரி பகுதியில் பெர்சனல் டிக்‌ஷனரிக்குள் தமிழின் கீழ் சேர்த்துவைத்தால் பெயர்ப்பிழை குறையும். நம் ஆட்கள் எதைப் பொறுத்தாலும் பெயரில் பிழையைப் பொறுக்கமாட்டார்கள். ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உடன் வருகின்றன. அதில் இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால் சுட்டியை வேண்டிய எழுத்துக்கு நகர்த்தலாம். நடுவில் ஓர் ஒற்றைச் சேர்க்க முழுச்சொல்லையும் அழிக்க வேண்டியதில்லை. கவிதை எழுதுகிறவர்கள் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ‘என்டர் இஸ் சென்ட்’ என்ற தேர்வை அணைத்து வைக்கவும். இல்லாவிட்டால் முதல் வரி முடிந்ததுமே கவிதை போய்ச் சேர்ந்துவிடும், இரண்டாம் வரிக்குள் விமர்சனம் வந்துவிடும்.

சரி, பிழை குழுவுக்குள் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். செய்தியை அழுத்திப் பிடித்தால் ‘எடிட்’ வரும். திருத்தியபின் நேரத்துக்கு அருகில் திருத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும் தெரியும், பழைய வடிவம் மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் திருத்தம் சொல்ல விரும்புகிறவருக்கும் அந்த 15 நிமிடம்தான் கணக்கு. குழுவில் சொல்லாமல் தனிச்செய்தி அனுப்ப வேண்டும், காரணத்தை விசைப்பலகையின் தலையில் போட்டே எழுத வேண்டும்: “அண்ணே, ‘இரங்கல்’ மாறி விழுந்திருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்துக்குள் எடிட் பண்ணிவிடலாம்.” அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்தாலும் இதே வாசகம் போதும், கற்றுக்கொண்டுவிடுவார், முகமும் தப்பும். நேரம் கடந்துவிட்டால் அப்படியே விடலாம். எல்லாருக்கும் அழித்துவிட்டு மறுபடி போட்டால், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்து ‘அப்படி என்ன எழுதினார்?’ என்று ஐந்து பேர் கேட்பார்கள்.

‘வாழ்த்துகள்’ பக்கமா, ‘வாழ்த்துக்கள்’ பக்கமா என்ற சண்டை தனி வகை. க்-ஐச் சேர்த்தால் கள் குடிக்கச் சொல்வதாகும் என்ற பழைய கேலியோடு ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அது திரும்ப வரும். குழுவின் விளக்கப் பகுதியில் ஒரே வரி எழுதிவைப்பது நல்லது: படைப்புகளில் ‘வாழ்த்துகள்’, பேச்சில் எவரையும் திருத்துவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்கும் அதே விதி. படைப்பு தமிழ் எழுத்தில் வரட்டும், அரட்டை எப்படியும் வரட்டும்.

இதில் பேசத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவரை, தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் குழுவில் திருத்தினால், அது ர-ற விவகாரமாக நிற்பதில்லை. ‘நமக்குத் தமிழ் சொல்லித்தர வந்துவிட்டார்’ என்றாகும். மறுபக்கம், ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு இங்கே சொல்லும் ‘பசியாறிட்டீங்களா’ என்பதைப் பார்த்துப் புதியவர் சிரித்துவிட்டால் அதுவும் புண். நடத்துநர் குழுவில் இரு தரப்பிலிருந்தும் ஆள் இருப்பது அவசியம். உள்ளூர்க்காரரிடம் உள்ளூர்க்காரர் பேச வேண்டும்.

சண்டை மூண்டுவிட்டால் நடத்துநர் குழுவில் நீளமாக எழுதக் கூடாது. குழு அமைப்பில் செய்தி அனுப்பும் உரிமையை நடத்துநர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, “காலை 9 மணிக்குத் திறக்கும்” என்று ஒரு வரி போட்டால் போதும். திட்டு இருக்கும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு நீக்கவும். நடத்துநர் மற்றவர் செய்தியையும் நீக்கலாம். இருவரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும். எழுத்தில் வந்த கோபம் எழுத்தில் தணிவதில்லை. குரலைக் கேட்டால் பாதி இறங்கிவிடும் (இங்கே ‘இறங்கி’ சரிதான்). டெலிகிராம் குழுவென்றால் பூட்டவும் வேண்டாம். ஸ்லோ மோடை 5 நிமிடத்துக்கு வைத்தால் ஒருவர் ஒரு செய்திக்குப் பின் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டிவரும்.

கோபத்தில் எதிராளியின் கைப்பேசி எண், முகவரி, வேலையிடம் ஆகியவற்றைப் பேஸ்புக்கில் போடுவது வேறு விவகாரம். சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டுத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் செய்த திருத்தம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இனம், சமயம் பற்றிய இழிசொல் வந்தால் விவாதிக்காமல் உடனே நீக்கவும்.

கவிதை திருட்டுப் புகார்களில் பலவும் திருட்டே இல்லை. கவிதை ஒரு செய்தியாகவும் கவிஞர் பெயர் அடுத்த செய்தியாகவும் போயிருக்கும். முன்னனுப்புகிறவர் முதல் செய்தியை மட்டும் எடுத்திருப்பார். மூன்றாவது குழுவில் அது ‘படித்ததில் பிடித்தது’ ஆகியிருக்கும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும் என்ற உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைக் கேட்டுச் சண்டைக்குப் போகுமுன், பெயரைக் கடைசி வரியாக அதே செய்திக்குள், இடைவெளி வரி விடாமல் எழுதிவிடுங்கள். அப்போது செய்தியை முன்னனுப்பும்போது பெயரும் கூடவே போகும்.