ஹேக்கின்டாஷ் என்றால் ஒட்டு மேக்

ஆப்பிள் தயாரிக்காத ஒரு கணினியில் ஆப்பிளின் மேக் ஓஎஸ் இயங்குதளம் ஓடினால், அந்தக் கணினிக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர். ஹாக்கின்டாஷ் என்றும் எழுதுகிறார்கள். 'ஹேக்', 'மேக்கின்டாஷ்' என்ற இரண்டு சொற்களை வெட்டிச் சேர்த்தது. இதற்குத் தமிழ் தேடுபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். நான் பின்பாதியிலிருந்து வருகிறேன், காரணம் இருக்கிறது.

மேக்கின்டாஷ் ஒரு பழத்தின் பெயர். 1979இல் ஆப்பிளில் அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், தமக்குப் பிடித்த மெக்கின்டாஷ் என்ற ஆப்பிள் வகையின் பெயரையே அதற்கு வைத்தார். அதே பெயரில் ஓர் ஒலிக்கருவி நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால், ஆங்கில எழுத்தில் ஓர் 'ஏ' கூடிற்று. கணினி 1984 ஜனவரி 24 அன்று வெளிவந்தது.

பழத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி. 1811 வாக்கில், இன்றைய கனடாவின் ஒன்டாரியோவில் நிலம் திருத்தும்போது கண்ட கன்று அது. அவருடைய குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. 'தலைவனின் மகன்' என்று பொருள். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பிரதமரை 'டீஷக்' என்று அழைப்பதும் இதே தலைவன்தான். 'மாக்' என்றால் மகன். (ஒலி ஒத்துப்போகிறதே என்று துள்ள வேண்டாம், தற்செயல்.) அப்படிப் பார்த்தால் ஹேக்கின்டாஷில் வெட்டுப்பட்டது மகன், மிச்சமிருப்பது தலைவன்.

இந்தப் பழத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. இதன் விதையைப் போட்டால் இதே பழம் வராது. தாய்மரத்துக் கிளையை வெட்டி வேறொரு வேரில் ஒட்டுக்கட்டினால்தான் வரும். உலகத்தில் உள்ள மெக்கின்டாஷ் மரங்கள் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் ஒட்டுகள். இந்த ஒட்டுக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

இனி 'ஹேக்'. பழைய ஆங்கிலத்தில் கண்டபடி வெட்டுவது என்று பொருள். கணினிக்காரர்களுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த பொம்மை ரயில் சங்கம். 1955ஆம் ஆண்டு அதன் கூட்டக் குறிப்பு ஒன்றில், மின்பகுதியில் 'ஹேக்' செய்பவர்கள் மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃப்யூஸ் போய்விடும் என்ற வேண்டுகோள் இருக்கிறது. அங்கே திருட்டும் இல்லை, ஊடுருவலும் இல்லை. இருப்பதை நோண்டி வேறு மாதிரி ஓட வைப்பது, அவ்வளவுதான். நம் செய்தித்தாள்களில் ஹேக்கர் என்றாலே 'ஊடுருவி'தான். 'கொந்தர்' என்று ஒரு கலைச்சொல்லும் உண்டு. கொந்துதல் என்றால் குத்திக் கிளறுவது; ஆங்கிலச் சொல்லின் பழைய அர்த்தத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் வாயில் நிற்கவில்லை.

ஹேக்கின்டாஷ் என்ற சொல் பலரும் நினைப்பதைவிடப் பழையது. ஹேக்கர்களின் சொல்தொகுப்பான ஜார்கன் ஃபைலில் இதற்கு இரண்டு பொருள்கள் உண்டு: மேக்கின்டாஷாக நடிக்கும்படி மாற்றப்பட்ட ஆப்பிளின் லிசா கணினி, வெவ்வேறு மாடல்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய மேக்கின்டாஷ். இன்றைய பொருள் பிறகு வந்தது. பவர்பிசி என்ற சில்லு வகையை விட்டு இன்டெல் சில்லுக்கு மாறப்போவதாக ஆப்பிள் 2005 ஜூனில் அறிவித்தது. 2006 ஜனவரியில் இன்டெல் மேக்குகள் வந்தன. அப்புறம் எல்லார் வீட்டு லேப்டாப்பிலும் இருந்த சில்லும் மேக்கில் இருந்த சில்லும் ஒரே குடும்பம். விடுவார்களா?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'திருட்டு மேக்' என்றால் வழக்குத் தீர்ப்பு போலிருக்கிறது. மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று உரிமத்தில் இருப்பது உண்மை. இப்படிக் கணினி செய்து விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆப்பிளிடம் தோற்றது. 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்ற பெயரிலேயே ஆப்பிள் ஒரு கெர்னல் நீட்சியையும் (இயங்குதளத்தின் கருவோடு சேரும் துணை நிரல்) உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் பொருளின் பெயர், பொருள் என்ன என்று சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகையைப் பிறகு வாசிக்கலாம்.

'போலி மேக்' எனக்குப் பிடித்தது. இலக்கணத்தில் போலி என்பது கள்ளம் அல்ல. அறம் என்பதை அறன் என்றாலும், பந்தலைப் பந்தர் என்றாலும் பொருள் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று. ஓப்பன்கோர் போன்ற பூட்லோடர் (கணினியைப் போட்டதும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்) செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: 'நான் இன்ன ஆண்டின் மேக்புக் ப்ரோ' என்று இயங்குதளத்திடம் சொல்கிறது, அதுவும் நம்பி ஓடுகிறது. என்ன செய்ய, தெருவில் போலி என்றால் போலி மருத்துவர்தான் நினைவுக்கு வருகிறார்.

என் வாக்கு 'ஒட்டு மேக்'குக்கு. ஒருவர் வளர்த்த மரத்தின் கிளை, இன்னொருவர் வேரில். கிழிந்த சட்டைக்குப் போடுவதும் ஒட்டுத்தான்; இந்த வேலையில் பாதி நேரம் அப்படி ஒட்டுப்போடுவதிலேயே போகிறது. முக்கியமாக, கோளாறு எங்கே வரும் என்பதையும் இந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது. கிளையும் நல்ல கிளை, வேரும் நல்ல வேர், வம்பெல்லாம் சேருமிடத்தில்.

நான் முதன்முதலில் நிறுவியபோது திரை கறுத்து, வரிகள் ஓடின. என்ன நடக்கிறது என்று தெரிவதற்காக வெர்போஸ் முறையில் ஏற்றியிருந்தேன். ஓடிய வரிகள் ஓரிடத்தில் நின்றன: 'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்'. இன்னும் வேருக்காகக் காத்திருக்கிறேன் என்கிறது. இங்கே வேர் என்பது இயங்குதளம் இருக்கும் வட்டு, என் விஷயத்தில் நிறுவல் பென்டிரைவ். சற்று நேரத்தில் குறுக்குக்கோடு போட்ட வட்டம். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு முறை புதிதாக எழுதினேன். வீண். பிறகு பென்டிரைவைப் பக்கத்துத் துளையில் செருகினேன், சட்டென்று ஏறியது.

மேக் ஓஎஸ் ஒரு யுஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 போர்ட்களைத்தான் ஏற்கும். யுஎஸ்பி 3 துளை ஒன்றே இரண்டாகக் கணக்காகும். உள்ளே இருக்கும் கேமராவும் புளூடூத்தும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளும். கணக்கு 15ஐத் தாண்டினால் மிச்சமுள்ளவை கண்ணுக்குத் தெரியாது. என் பென்டிரைவ் இருந்தது அந்த மிச்சத்தில். எது தேவை, எது வேண்டாம் என்று போர்ட் வரைபடம் எழுதிக் கொடுத்தபின் எல்லாத் துளைகளும் ஒழுங்காயின. உள்வட்டுக்காக இதே செய்தி வந்தால், பயாஸில் (இயங்குதளம் ஏறுமுன் திறக்கும் அமைப்புத் திரை) வட்டின் சாட்டா இணைப்பு ஏஹெச்சிஐ என்ற முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. எல்லாம் ஓடுகிறது, பேட்டரி அளவு மட்டும் காட்டவில்லை. லேப்டாப்பில் பேட்டரியைக் கவனிக்கும் சிறு சில்லு, அளவை 16 பிட் எண்ணாக வைத்திருந்தது. மேக் ஓஎஸ் அந்தச் சில்லிடம் ஒரு தடவைக்கு 8 பிட்தான் வாங்கும். முன்பெல்லாம் வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணையைத் திறந்து ஒவ்வோர் எண்ணையும் இரண்டாகப் பிளந்து எழுதினார்கள். இப்போது அதற்கென்றே ஈசிஎனேப்ளர் என்ற நீட்சி இருக்கிறது. போட்டேன், மறுதொடக்கத்தில் 73 சதவீதம் என்று வந்து உட்கார்ந்தது.

டாஹோ என்ற மேக் ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் 2025 ஜூனில் சொல்லிவிட்டது. அதற்கு மேல் வரும் கிளைகள் இந்த வேரில் சேராது.

இருக்கும் வரைக்குமான புழக்கத்துக்கு: பெயராக 'ஒட்டு மேக்', நிறுவுவது 'மேக்கை ஒட்டுக்கட்டுவது', பாதியில் நின்றால் 'ஒட்டுப் பிடிக்கவில்லை'. 'ஒட்டுமேக்' என்று சேர்த்து எழுதினால் 'ஒட்டு மேகம்' என்று படிப்பவர்கள் உண்டு, ஆகவே இடைவெளி விடுங்கள்.