வலது காலில் ஒரு கறுப்பு வயர்

ஈசிஜி எடுக்கும்போது கைகால்களில் நான்கு கிளிப்புகள் மாட்டுவார்கள். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. முதல் மூன்றும் இதயத்தின் மின்சாரத்தை வாங்கிப்போக வந்தவை. நான்காவது கிளிப், அந்தக் கறுப்பு, இதயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் அதைக் கழற்றிவிட்டால் மற்ற மூன்றும் சொல்வது பெரும்பாலும் விளங்காது.

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்த நிறங்கள் புதிதல்ல. எங்கள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மும்முனைக்கும் மூன்று வயர். கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் மில்லும் மோட்டாருமாக எழுந்து நின்றது கோவை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இலேயே உள்நாட்டு மோட்டார் செய்துகாட்டிய ஊர் அது. அங்கே நான் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது சொந்தபந்தம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: டாக்டருக்குப் படிக்கிறாயா, இன்ஜினீயருக்கா? நான்கு வருடமும் இதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. காலையில் உடற்கூறியல், மதியம் சர்க்யூட். இரண்டும் சந்தித்த இடம் மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் நாங்களே கட்டிய ஈசிஜி.

இதயத்தில் மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஓய்ந்திருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். துடிக்கும் முறை வந்ததும் செல் சவ்வில் வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, நிலைமை தலைகீழாகிறது. ஒரு செல் அடுத்த செல்லைத் தட்டி எழுப்ப, வலது மேலறையில் கிளம்பிய அலை கீழறைகள்வரை இறங்குகிறது. அலை கடந்த பகுதிக்கும் இன்னும் கடக்காத பகுதிக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் உடலெங்கும் பரவும் மின்னோட்டத்துக்குக் காரணம். உடல் ஒரு பை நிறைய உப்புத்தண்ணீர் என்பதால் அது தோல்வரை வந்து சேர்கிறது. ஆனால் வந்து சேரும்போது மிஞ்சுவது 1 மில்லிவோல்ட் அளவுதான். சுவர்க்கடிகாரத்தில் போடும் பேட்டரியில் 1500இல் ஒரு பங்கு.

இந்த ஒரு மில்லிவோல்ட்டைப் பெரிதாக்குவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. அதற்கு எட்டுக்கால் ஐசி, அதாவது ஒரு சிறு சிப், ஒன்று போதும். சிக்கல், கூடவே வருகிற விருந்தாளி. கூரையில் ஓடும் 230 வோல்ட் வயரை நாம் தொடவே வேண்டாம். வயர் ஒரு தகடு, உடல் இன்னொரு தகடு, நடுவே காற்று: ஃபேனுக்குள் இருக்கும் கண்டென்சருக்கு என்ன அமைப்போ அதே அமைப்பு, மிக மிகச் சிறிய அளவில். அதன் வழியாக நொடிக்கு 50 முறை, அதாவது 50 ஹெர்ட்ஸில், ஏறி இறங்கும் மின்னழுத்தம் உடலில் தொற்றிக்கொள்கிறது. செருப்புப் போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உடலில் இது ஒரு வோல்ட், அதற்கு மேலும்கூட இருக்கலாம். நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஈசிஜிக்கோ, தேடுகிற பொருளைப்போல் ஆயிரம் மடங்கு குப்பை.

எங்கள் ஆய்வகத்தில் முதல் நாள் நடந்ததும் இதுதான். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் வயர்களைச் செருகும் பலகை) சர்க்யூட், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, வெளியே வருவதைக் காட்ட ஒரு லேப்டாப். மனித உடலோடு இணைக்கும் மாணவர் சர்க்யூட்டை பேட்டரியில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் அதுவே சட்டம். கோபிசெட்டிபாளையத்துத் தோழி நோயாளியாக உட்கார்ந்தாள். திரையில் தெரிந்தது இதயம் அல்ல, சேலைக் கரைபோல ஒரு தடித்த பட்டை. ஐசியை இரண்டு முறை மாற்றினோம்.

ஐசியில் குறையில்லை. அது செய்வது தராசின் வேலை. ஓடும் பஸ்ஸில் ஒரு தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் குழியில் இறங்கி ஏறும்போது இரண்டு தட்டும் சேர்ந்தே எகிறும், முள் நகராது. ஒரு தட்டில் மட்டும் ஒரு குன்றிமணி விழுந்தால் முள் சாயும். வலது கையிலும் இடது கையிலும் 50 ஹெர்ட்ஸ் ஒரே அளவில் இருக்கிறது. இதயத்தின் மின்சாரம் மட்டும்தான் இரண்டு கைக்கும் வேறுபடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பொதுவானது போய்விடும், வித்தியாசம் நிற்கும். இப்படிக் கழித்துப் பெருக்கும் ஐசிக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். நல்லதாக இருந்தால் அது பொதுவானதை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். உடலில் இருக்கும் ஒரு வோல்ட் இரைச்சல் அதன் கணக்கில் 0.01 மில்லிவோல்ட்தான்.

பிறகு ஏன் பட்டை?

ஆய்வக உதவியாளர் வந்து திரையைப் பார்க்கவே இல்லை. தோழியின் மணிக்கட்டைப் பார்த்தார். "அம்மணி, காலையில் தேங்காய் எண்ணெயா?" என்று கேட்டுவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு கையையும் தேய்த்து, புதிதாக ஜெல் வைத்தார். பட்டை கண்ணெதிரே பாதியாக மெலிந்தது.

நடந்தது இது: உடலுக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள், வயருக்குள் எலக்ட்ரான்கள். ஒருவர் சுமையை மற்றவர் வாங்கிக்கொள்ளும் சந்தை வெள்ளியும் வெள்ளி குளோரைடும் பூசிய எலக்ட்ரோடு. உப்பு கலந்த ஜெல் அங்கே போகும் பாதை. எண்ணெய் அந்தப் பாதையை அடைக்கிறது. ஒரு கையில் பாதை நன்றாகவும் மறு கையில் மோசமாகவும் இருந்தால், இரண்டு கையிலும் சமமாக இருந்த 50 ஹெர்ட்ஸ் தராசுத் தட்டுக்கு வந்து சேரும்போது சமமாக இல்லை. தராசு அதையும் வித்தியாசம் என்று நம்பிவிடும். எங்கள் மோட்டார் ரூம் பின்னால் இருக்கும் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டிருக்கும். சித்திரையில் அப்பா அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. ஜெல் காய்ந்தாலும் அதே கதைதான்.

ஈசிஜியின் தொடக்கமும் உப்புத்தண்ணீர்தான். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் கட்டிய கருவி சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் இடது காலையும் உப்புக்கரைசல் நிரம்பிய ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பழைய படத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: வலது கால் சும்மா இருக்கிறது.

அதற்கு வேலை பிற்பாடு வந்தது. கைகளைத் துடைத்த பிறகும் எங்கள் திரையில் பாதிப் பட்டை மிச்சம் இருந்ததல்லவா? தராசு எவ்வளவு நல்லதானாலும் பஸ் குதிப்பதையே குறைத்துவிட்டால் இன்னும் நல்லது. சர்க்யூட்டின் ஒரு மூலை இரண்டு கையிலும் பொதுவாக இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது. அது மேலே போனால் கீழேயும், கீழே போனால் மேலேயும் என்று நேர் எதிராகத் திருப்பி, பெருக்கி, கறுப்பு வயர் வழியாக வலது காலுக்குள் அனுப்புகிறது. உடல் எகிறப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கை அதை அழுத்திப் பிடிக்கிற மாதிரி. வலது கால் எதற்கென்றால், அது இதயத்திலிருந்து தொலைவு, அளப்பதற்கும் அதன் தயவு தேவையில்லை. நாங்கள் அந்த வயரை இணைத்ததும் பட்டை கோடாகியது. கோட்டில் உயரமான ஆர், அதற்கு முன்னால் எறும்புப் புற்றுபோல சின்னதாக பி. தோழி, "இது நானா?" என்றாள்.

இரைச்சலை வடிகட்டிவிடலாமே என்று தோன்றும். எல்லா மெஷினிலும் ஃபில்டர் பட்டன் உண்டு. அவசரத்தில் முதலில் அழுத்தப்படுவதும் அதுதான். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. நோய் அறியும் ஈசிஜிக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். 50 அதன் நடுவிலேயே இருக்கிறது. இரைச்சலோடு அலையின் கூர்மையும் கொஞ்சம் போகும். துடைக்க ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதானே.

சென்ற வருடம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு முன் ஈசிஜி எடுத்தார்கள். சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல் முடித்து வந்திருந்தார். தாளில் கோடு தடித்து வந்தது. ஒரு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் இரண்டு ஏற்ற இறக்கம் என்றால் அது 50 ஹெர்ட்ஸ், ஏனெனில் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. டெக்னீஷியனிடம் கேட்டு நானே பஞ்சை வாங்கித் துடைத்தேன். அப்பா படுத்தபடியே கறுப்புக் கிளிப்பைப் பார்த்து, "இது நியூட்ரலா அம்மணி? எர்த் குழியில் இறக்கியிருக்கிறார்களா?" என்றார்.

நியூட்ரல்தான், சர்வதேச முறையில் அந்த வயருக்குப் பெயரே அதுதான். குழியில் இறக்குவதும் ஒரு காலத்தில் நடந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். கால் மண்ணோடு நேராக இணைந்திருக்கும்போது, பழுதான ஒரு விளக்கை நோயாளி தொட்டால் முழு மின்னோட்டமும் அவர் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். இப்போது நோயாளிப் பக்கத்துச் சர்க்யூட் தனித்தீவு. இதயத்தை நேராகத் தொடும் கருவிகளில் சாதாரண நிலையில் மின்கசிவு 10 மைக்ரோ ஆம்பியருக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் 5 எச்பி மோட்டார் இழுக்கும் ஏழு ஆம்பியரில் அது ஏழு லட்சத்தில் ஒரு பங்கு.

"கரண்டு போய்விட்டால்?" என்றார்.

மெஷின் பேட்டரியில் ஓடும் என்று சொன்னேன். 2012இல் நாள் முழுக்க மின்வெட்டு இருந்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததையும் சொன்னேன். தோழியைப் படுக்கவைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. ஃபேன் நின்று, டியூப்லைட் அணைந்து, சுவருக்குள் இருந்த வயரெல்லாம் செத்துக் கிடந்தது. ஜெனரேட்டர் ஏறும்வரை கிடைத்த அந்த ஒரு நிமிடத்தில், ஊசியால் கீறியதுபோல் அவ்வளவு சுத்தமான கோடு. அந்த செமஸ்டரில் நாங்கள் எடுத்த மிக நல்ல ஈசிஜி அதுதான். ரெக்கார்டு நோட்டில் அதைத்தான் ஒட்டினோம்.