முகாம் வண்டிக்கு எந்த மரம்?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன முகாம் வண்டியை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் 1930களிலிருந்து உண்டு. கண்ணீர்த்துளி வடிவத்தில் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு இருக்கும் 'டியர்டிராப்' வண்டிதான் அதில் பிரபலம். பலவற்றின் தளம் 4 அடிக்கு 8 அடி. பிளைவுட் பலகையின் அளவே அதுதான். சக்கரம் பூட்டிய அடிச்சட்டம் பெரும்பாலும் இரும்பு. அதற்கு மேலே வருவது மரம்.

உறுதி என்றதும் பலரும் ஓக் மரத்தைத் தேடிப் போகிறார்கள். ஓக் உறுதியானதுதான், ஆனால் கனம். உலர்ந்த வெள்ளை ஓக் ஒரு கன மீட்டருக்கு 750 கிலோவை ஒட்டி வரும். சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் 430 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வளையாமல் நிற்கும் விறைப்பில் மட்டும் ஸ்ப்ரூஸ் ஓக்குக்கு அவ்வளவு தூரம் பின்தங்கிவிடுவதில்லை. மரம் என்பது நெடுக ஓடும் நுண்குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் இருப்பதால், உள்ளே காற்று அதிகமிருந்தும் விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டத்தில் ஸ்ப்ரூஸ் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

என்னைக் கேட்டால், சுவர்ச் சட்டத்துக்கு டக்ளஸ் ஃபிர் என்ற இன்னொரு ஊசியிலை மரம் போதும். ஓக்கைவிட எடை குறைவு, விறைப்பு சற்று அதிகம், அமெரிக்காவில் சாதாரண மரக்கடையிலேயே கிடைக்கும். நார் நேராக ஓடுகிறதா, கணு குறைவா என்று ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும். கணுவைச் சுற்றி நார் வளைந்து போகும். சாலைக் குலுக்கலில் மரம் முதலில் விரிசல் விடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தளத்துக்கு வருவோம். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில் நன்றாகவே உப்பிச் சுருங்கும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தளத்துக்குத் தனிப் பலகைகளைவிட அது நல்லது. தடிமன் 12 மில்லிமீட்டரிலிருந்து 18 ஆனால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், ஆனால் பிர்ச் பிளைவுட்டில் எடையும் 24 கிலோவிலிருந்து 36 கிலோவாகிவிடும். 12 மில்லிமீட்டர் பலகையே போட்டு, அடியில் குறுக்குச் சட்டங்களை நெருக்கி வைப்பது புத்திசாலித்தனம். முழங்கால் ஊன்றும் இடத்தில் சட்டத்துக்குச் சட்டம் உள்ள தூரம் பாதியானால் தளம் அமுங்குவது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கப்பல் தர பிளைவுட் வாங்கிவிட்டால் அழுகாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். தண்ணீரைத் தாங்குவது அதிலுள்ள பசை. மரம் சாதாரண மரம்தான். படகுக்காரர்கள் விரும்பும் ஒக்குமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பிளைவுட்டும் நனைந்தபடியே கிடந்தால் அழுகும். மரத்துக்குள் உள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அழிக்கும் பூஞ்சை வளராது. ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தொட்டால் அதற்குக் கொண்டாட்டம். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் புகுவது முக்கியமாக வெட்டு விளிம்பு வழியே. குழாய்களின் வாய் திறந்திருப்பது அங்கேதான். விளிம்புக்கு இரண்டு மூன்று முறை எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிவிடும் பிசின்) பூசுங்கள். திருகு ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, காய்ந்தபின் மறுபடி சிறிதாகத் துளையிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் வண்டியின் ஆயுள் அதில் இருக்கிறது.

அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். வேண்டாம். அமெரிக்காவில் 2004 முதல் வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் மருந்து பெரும்பாலும் போய், செம்பு அதிகமுள்ள மருந்துகள் வந்தன. ஈரத்தில் அந்தச் செம்பு, வண்டியின் மேலே போர்த்தும் அலுமினியத் தகட்டை அரித்துவிடும். அந்த மரம் கடையில் பெரும்பாலும் ஈரமாகவே கிடைக்கும். காயக் காய முறுக்கும்.

உள்ளிருந்தும் ஈரம் வரும். தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் குளிர்ந்த தளத்தைத் தொட்டு மெத்தைக்கு அடியில் நீராகப் படியும். மெத்தைக்குக் கீழே மெல்லிய ரீப்பர்களை இடைவெளி விட்டு அடித்து, காற்று ஓட வழி விடுங்கள். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்.