பன்னிரண்டு பக்க அறிக்கையில் ஒரே ஓர் எண்

“மேடம், அறிக்கையை அப்புறம் நிதானமாப் படிச்சுக்கிறோம். நம்பரை மட்டும் இப்பச் சொல்லிடுங்க.”

ஒரு பிள்ளைக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்து முடித்த மறுவாரம் பெற்றோரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கல்வி உளவியலாளராகச் சிங்கப்பூரில் நான் எழுதும் அறிக்கை ஏறத்தாழப் பன்னிரண்டு பக்கம் வரும். அவர்கள் கேட்கும் எண் ஐந்தாம் பக்கத்து அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் முதலில் கேட்டதில்லை. நான் 97 என்று எழுதினால், பக்கத்தில் 91 முதல் 103 வரை என்றும் எழுதியிருப்பேன். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என்று வகுக்கப்பட்ட அந்த அளவுகோலில், அளவீட்டுப் பிழையையும் கணக்கில் சேர்த்தால், பிள்ளையின் திறனை 95 விழுக்காட்டு உறுதியுடன் அந்த இடைவெளிக்குள் வைத்துத்தான் பேச முடியும் என்பது அதன் பொருள். ஆகவே 97 பெற்ற பிள்ளையையும் 100 பெற்ற பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவள் அவனைவிடத் திறமைசாலி என்று சொல்ல எனக்குத் தொழில்முறையில் எந்த உரிமையும் இல்லை. ஆனால் எண் என் அறையை விட்டு வெளியே போகும்போது, பக்கத்துக் கட்டத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகச் செய்யப்பட்ட தேர்வின் எண்ணை எடுத்துக்கொண்டுபோய், முற்றிலும் வேறொரு கேள்விக்கு விடையாக வைத்துவிடுகிறார்கள்.

தொடக்கநிலை நான்கில் படித்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, வீட்டில் பாட்டியிடம் தமிழிலேயே பேசி வளர்ந்தவன். கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற ஐயத்தோடு அழைத்து வந்திருந்தார்கள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவரும் பகுதியில், கடைசிக் கட்டையை வைத்தவன் படத்தை மறுபடி பார்த்தான். அதைக் கையில் எடுத்தான். ஒரு சுற்றுத் திருப்பி மீண்டும் வைத்தான். வடிவம் மிகச் சரியாக இருந்தது. ஆனால் என் கடிகாரத்தில் கெடு முடிந்து நான்கு வினாடிகள் ஆகியிருந்தன. விதிப்படி அதற்குச் சுழியம். சுழியத்தைப் போட்டுவிட்டு, ஓரத்தில் “சரி, 4 வினாடி தாமதம், தானே சரிபார்த்தான்” என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது சொற்பொருள். (நான் கேட்ட சொல்லை இங்கே எழுத முடியாது, வினாக்கள் வெளியே கசிந்தால் அந்தத் தேர்வை அப்புறம் யாருக்கும் வைக்க இயலாது.) “தமிழ்ல தெரியும் ஆன்ட்டி, இங்கிலீஷ்ல வர மாட்டேங்குது” என்றவன், தேக்கா சந்தையில் பாட்டி மீன் வாங்கும் கதையைச் சொல்லி அந்தச் சொல்லின் பொருளைத் தமிழில் அழகாக விளக்கிவிட்டான். தேர்வோ ஆங்கிலத்தில் தரப்படுத்தப்பட்டது. அந்த விளக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்க விதியில் வழி இல்லை. முடிவில் மொழிசார் பகுதியில் 82, காட்சி-இடம்சார் பகுதியில் 108. இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த எண் அவனுடைய எந்தத் திறனையும் சரியாகக் காட்டாது என்பதால், அதன்மேல் எந்த முடிவையும் எடுக்கக் கூடாது என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் எழுதினேன். பிள்ளையைச் சேர்க்க விரும்பிய மையம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம்: “மொத்த மதிப்பெண்”.

இந்த வகைத் தேர்வின் மூலவரான ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காகவே 1905இல் தியோடோர் சிமோனுடன் சேர்ந்து தம் அளவுகோலை உருவாக்கினார். அறிவுத்திறன் பிறப்பிலேயே முடிவாகி மாறாமல் நிற்பது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் இறந்தது 1911இல். 1913 வாக்கில் அமெரிக்காவின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய, ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு அதே தேர்வை வைத்து, அவர்களை அறிவுக் குறைவானவர்கள் என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. தேர்வுப் பெட்டியை நான் திறந்ததுமே ஒரு சிறுமி, “இந்தப் பெட்டி எனக்குத் தெரியுமே, அந்த ஆன்ட்டிகிட்டயும் இருந்துச்சு” என்றாள். விசாரித்தால், நான்கு மாதங்களுக்கு முன்பு வேறோர் இடத்தில் இதே தேர்வை எழுதியிருக்கிறாள். எண் போதவில்லை என்று பெற்றோர் என்னிடம் அழைத்து வந்திருக்கிறார்கள். பெட்டியை மூடிவிட்டேன். பழக்கமில்லாத சிக்கலைப் பிள்ளை எப்படி அணுகுகிறது என்பதையே அந்தத் தேர்வு பார்க்கிறது. பழகிவிட்ட பிறகு அது பழக்கத்தைத்தான் அளக்கும். மிகுந்த திறன் கொண்ட மாணவர்களுக்கென இங்கே மீத்திறன் கல்வித் திட்டம் 1984இல் தொடங்கப்பட்டது. அதற்கான தொடக்கநிலை மூன்று தெரிவுத் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கத் துணைப்பாட நிலையங்கள் பெருகியதும் இதே கதைதான். பயிற்சியால் உள்ளே போய், வகுப்பில் மூச்சுத் திணறிய பிள்ளைகள் பின்னர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அத்திட்டம் அப்போதிருந்த வடிவில் தொடராது என்று 2024 தேசிய தினப் பேரணி உரையில் அறிவிக்கப்பட்டபோது, எனக்கு வருத்தம் இல்லை.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 2020 வரை இருந்த டி-ஸ்கோர் முறையில், ஒரு பிள்ளையின் புள்ளி அவ்வாண்டு தேர்வெழுதிய மற்ற பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது; ஒரே ஒரு புள்ளிகூடப் பள்ளியை மாற்றியது. 2021இல் வந்த அடைவுநிலை முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலைகள் (1தான் மிக உயர்ந்தது), நான்கு பாடங்களுக்குமாகச் சேர்த்து 4 முதல் 32 வரை புள்ளிகள். அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்பது கணக்கில் வராது. நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கோடு என்று ஒன்று இருந்தால் அதன் இருபுறமும் பிள்ளைகள் நின்றுதானே ஆக வேண்டும்? 45 வாங்கியவரும் 64 வாங்கியவரும் ஒரே ஆறாம் நிலையில் இருக்க, 65 வாங்கியவர் ஐந்தாம் நிலைக்குப் போகிறார். 89க்கும் 90க்கும் இடையிலும் அப்படியே. ஒரு மதிப்பெண்ணுக்காக வீட்டில் மூன்று நாள் யாரும் பேசிக்கொள்ளாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த மதிப்பெண் பிள்ளை அன்று காலை தூங்கி எழுந்த விதத்திலேயே வந்து போகக்கூடியது என்று சொன்னால், நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆறுதல் அன்று, அளவியல்.

வேலையிடத்தில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எண்ணை விளக்க யாருமே இருப்பதில்லை. எங்கள் புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவர், துவாஸில் ஒரு கிடங்கில் பதினெட்டு ஆண்டுகளாக மேற்பார்வையாளர். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது கைப்பேசிக்கு ஒரு இணைப்பு வந்தது: இருபது நிமிடத்தில் ஆங்கிலச் சொற்கள், எண் தொடர்கள், முக்கோணங்கள். மறுநாள் காலை “தகுதி மதிப்பெண்ணை எட்டவில்லை” என்று தானியங்கி மின்னஞ்சல். “தங்கச்சி, நீதான் இந்தத் தேர்வெல்லாம் நடத்துறியே, இதைக் கொஞ்சம் பாரேன்” என்று கைப்பேசியை நீட்டினார். எந்தச் சரக்கு எந்த வரிசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கணினியைத் தொடாமல் சொல்லக்கூடியவர் அவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வட கரோலினா மின் நிலையம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர்கள் கூலிப் பிரிவிலிருந்து வேறு பிரிவுகளுக்கு மாறுவதற்குப் பொது அறிவுத்திறன் தேர்வொன்றையும் இயந்திர அறிவுத் தேர்வொன்றையும் நிபந்தனையாக வைத்திருந்தார்கள். அத்தேர்வுகளை எழுதாமலே முன்பு அந்தப் பிரிவுகளில் சேர்ந்திருந்தவர்கள் வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். தேர்வு வேலையோடு தொடர்புடையது என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்றது நீதிமன்றம். நம் நாட்டில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும், வேலைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டாலன்றி, மொழித்திறனைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் நோக்கமுடையது.

தேர்வே வேண்டாம் என்பவள் அல்லள் நான். அறிவுத்திறன் தேர்வுக்கும் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.51 என்று 1998இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. மனிதவளத் துறையினர் இன்றும் காட்டும் எண் அதுதான். 2022இல் அதே வகைத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் அதை 0.31 என்று குறைத்தார்கள். பணித்திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் அது விளக்கும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு நடத்தும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்குக் கிடைத்தது 0.42. ஆளுமையைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளைப் பற்றியோ பேசவே தேவையில்லை. ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுவோரே சொல்கிறார்கள்.

அண்ணனுக்காக இருவரும் உட்கார்ந்து மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். கிடங்கு மேலாளர் வேலைக்கு இந்தத் தேர்வு பொருந்தும் என்று எங்கே சரிபார்க்கப்பட்டது, தகுதி மதிப்பெண் எப்படி முடிவு செய்யப்பட்டது, அதன் பிழை அளவு எவ்வளவு என்று மூன்றே கேள்விகள். இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: கணக்காளர் முதல் கிடங்கு மேலாளர் வரை எல்லாப் பதவிகளுக்கும் நிறுவனம் இதே தேர்வையும் இதே தகுதி மதிப்பெண்ணையும்தான் பயன்படுத்துகிறதாம்.