“எங்க பக்கம் யாருக்கும் வீசிங் கிடையாது, டாக்டர்”

ஆறு வயதுப் பையன். மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாக நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி என்று மூன்று பேர் கூட வந்திருந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது வீசிங் உண்டா என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே பாட்டி முந்திக்கொண்டார்: “எங்க பக்கம் யாருக்கும் கிடையாது, டாக்டர்.” பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அப்பாவுக்கு இழுப்பு உண்டு. அது ஊருக்கே தெரியும்.

சொல்லிவிட்டுப் பாட்டி ஒரு தும்மல் போட்டார். அப்புறம் வரிசையாக நாலைந்து. “எனக்குப் பனி ஒத்துக்காது. முப்பது வருஷமா காலையில இப்படித்தான்.”

குடும்பத்தில் இறங்குவது பெரும்பாலும் ஆஸ்துமா என்ற நோய் அல்ல, ஒவ்வாமைக்கான சாய்வுதான். ஒருவருக்கு அது மூக்கில் தும்மலாக வரும், இன்னொருவருக்குத் தோலில் கரப்பானாக, மூன்றாமவருக்கு நெஞ்சில் இழுப்பாக. ‘பனி ஒத்துக்காது’, ‘சூட்டு உடம்பு’, ‘சைனஸ்’ என்று நாம் வேறு வேறு பெயர் வைத்துவிடுவதால் சொந்தபந்தம் தெரியாமல் போகிறது.

அந்தச் சாய்வு எங்கே இருக்கிறது? மூச்சுக்குழாயின் உள்சுவர் செல்கள்தான் முதல் காவல். தூசிப் பூச்சியின் எச்சம், கரப்பான்பூச்சித் துகள், சளி வைரஸ் என்று எது வந்து கீறினாலும் அவை கூச்சல் போடும். இன்டர்லூக்கின்-33, டிஎஸ்எல்பி என்று செல்கள் வெளியே விடும் புரதங்கள்தான் அந்தக் கூச்சல். ஒரு வீட்டில் “திருடன்!” என்று கத்தினால் தெருவே கூடிவிடும் இல்லையா, அப்படித்தான். கூடியவர்கள் ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். இன்டர்லூக்கின்-4, ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கச் சொல்கிறது. இன்டர்லூக்கின்-5, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை வளர்க்கிறது (ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்). இன்டர்லூக்கின்-13, சளியைப் பெருக்கிக் குழாயைச் சுருங்க வைக்கிறது. வந்தது திருடன் அல்ல, வெறும் தூசி என்பதுதான் கொடுமை.

இந்தக் கூச்சலுக்கான மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள் உண்டு. சிலருக்குக் குரல் பெரிது, சிலருக்குக் காது கூர்மை. இன்டர்லூக்கின்-33 மரபணுவைச் செயலிழக்க வைக்கும் ஓர் அரிய மாற்றத்தை ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் விவரித்தார்கள். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஈசினோஃபில் குறைவு, ஆஸ்துமா வரும் வாய்ப்பும் ஏறக்குறைய பாதிதான். கூச்சல் குறைந்தால் கூட்டமும் குறைகிறது.

ஆனால் இப்படித் தெளிவாகப் பேசும் மாற்றங்கள் அபூர்வம். மற்றவை நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். அதிலும் 17ஆம் குரோமோசோமில் ஓரிடம் விசித்திரமானது. சிறுவயது ஆஸ்துமாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 2007இல் வெளியானது. அடுத்த வருடமே இன்னொன்றும் தெரிந்தது: குழந்தைப் பருவத்தில் வீட்டில் சிகரெட் புகை இருந்தவர்களிடம் அதன் கெடுதல் இன்னும் அதிகம். பிறகு, ஐரோப்பியக் கிராமங்களில் மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த குழந்தைகளிடம் அதே எழுத்துகள் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்ததையும் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இருவரும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் பகுதியிலிருந்து போனவர்களின் வம்சம், மரபிலும் நெருக்கம். ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடும் குதிரையும் வைத்துப் பழைய முறையில் பிழைப்பவர்கள். ஹட்டரைட் பண்ணைகள் பெரிய இயந்திரப் பண்ணைகள். 2016இல் வந்த ஆய்வின்படி ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா, ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் கிருமிகளின் எச்சம் ஏறக்குறைய ஏழு மடங்கு. (இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளையைத் தொழுவத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அந்தப் பழக்கம் கருவிலிருந்தே தொடங்குவது. இப்போது போனால் வைக்கோல் தூசியில் மூச்சுத்தான் முட்டும்.)

சரி, பையனின் அப்பா அடுத்துக் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்விதான். “எச்சிலை அனுப்பினா ஜீன் டெஸ்ட் பண்ணித் தர்றாங்களாமே, பார்த்துடலாமா?” வேண்டாம் என்றேன். அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தினரின் ரத்தத்தில் போட்டவை. நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. தவிர, முடிவு எப்படி வந்தாலும் நான் எழுதப்போகும் மருந்து மாறாது. பாட்டியின் தும்மலும் தாத்தாவின் இழுப்பும் எனக்குச் சொன்னது அதைவிட அதிகம்.

மரபணு ஆராய்ச்சி வீண் என்று சொல்லவில்லை. அது வேறு வழியில் பலன் தந்திருக்கிறது. இன்டர்லூக்கின்-13ஐ மட்டும் தடுத்த மருந்துகள் ஆஸ்துமாவில் ஏமாற்றின. 4க்கும் 13க்கும் பொதுவான ஏற்பியை (செல்லில் அவை வந்து ஒட்டும் இடத்தை) அடைத்த டுபிலுமாப் என்ற மருந்து பலித்தது. டிஎஸ்எல்பி என்ற முதல் கூச்சலையே அடக்கும் டெசெபெலுமாப்புக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாம் விலை கூடிய ஊசிகள், கடுமையான ஆஸ்துமாவுக்கானவை. இந்தப் பையனுக்குத் தேவை அதுவல்ல. குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழல்), தினமும். நன்றாக இருக்கிறான் என்று பார்த்து அவர்களாகவே நிறுத்தக் கூடாது.

வீட்டில் சிகரெட் புகை கூடாது என்றேன். மாடியில் நின்றுதானே பிடிக்கிறேன் என்றார் அப்பா. புகை ஒட்டிய சட்டையோடு வீட்டுக்குள் வருகிறீர்களே என்றேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையைப் பற்றிச் சொன்னபோதுதான் பாட்டியின் முகம் மாறியது. “அதுல என்ன டாக்டர் இருக்கு?” அவர் மருமகள் இப்போது தலை நிமிர்ந்திருந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததுதான்மா என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பையனுக்கு எடுத்த சீட்டோடு இன்னொரு சீட்டும் மேசைக்கு வந்தது. பாட்டியின் பெயரில்.