வைரல் காய்ச்சல் என்பது ஒரே காய்ச்சல் அல்ல

“போன மாசமும் வைரல் காய்ச்சல்னுதான் சொன்னீங்க, இப்பவும் அதையே சொல்றீங்களே டாக்டரம்மா. வந்த காய்ச்சலே மறுபடி எப்படி வரும்? பவரா ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க.”

வாழப்பாடி பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பேரனை அழைத்து வந்த பெரியவர் கேட்டது இது. கோபமில்லை, பையன் திரும்பவும் படுத்துவிட்டானே என்ற கவலை. சேலத்தில் குழந்தைகள் மருத்துவராக இருக்கும் நான் இதே கேள்வியை மழைக்காலம் முழுக்கக் கேட்கிறேன். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று ‘வைரல்தான், சரியாகிவிடும்’ என ஒரே வார்த்தையில் நாங்கள் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ கிருமிகள் இருக்கின்றன.

பெரியவர் மரவள்ளி போடுபவர். அதனால் அவர் காட்டிலிருந்தே ஆரம்பித்தேன். “ஐயா, மரவள்ளி இலை மஞ்சளாப் போனா எல்லாத்துக்கும் ஒரே மருந்தா அடிப்பீங்க?”

“அதெப்படிங்க? சத்துக் குறைஞ்சு மஞ்சளானா நுண்ணூட்டம் அடிச்சாத் தேறிக்கும். தேமல் விழுந்துட்டா எதை அடிச்சும் பிரயோசனமில்லை. வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்கெல்லாம் பரப்பி விட்டுரும். அடுத்த வருசத்துக்குத் தேமல் இல்லாத செடியாப் பார்த்துத்தான் நடவுக்குத் தண்டுக் கரணை வெட்டணும்.”

இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. அந்தத் தேமல் ஒரு வைரஸ் நோய். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் எந்தக் கிருமி, எதன் வழியாகப் பரவுகிறது, எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை என்று அவர் பிரித்துப் பார்த்தாரே, வைரஸ்களை வகைப்படுத்துவதும் அதற்காகத்தான்.

வைரஸ் என்ற ஒன்று இருப்பதே தேமல் விழுந்த ஓர் இலையிலிருந்துதான் தெரியவந்தது. 1892-இல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898-இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க், இது பாக்டீரியா இல்லை, வேறு வகைத் தொற்று என்று சொல்லி வைரஸ் என்ற பெயரை வைத்தார். சாதாரணமாக ஒரு பாக்டீரியாவின் நீளம் ஆயிரம், இரண்டாயிரம் நானோமீட்டர் இருக்கும். டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50.

அளவைவிட முக்கியமானது வேறொன்று. பாக்டீரியா தானே தின்று தானே பெருகும் முழு உயிரணு. ஆன்டிபயாடிக் அதன் சுவரை உடைக்கும், அல்லது அதற்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நிறுத்தும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ என்ற கொஞ்சம் மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரதக் கூடு, சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை, அவ்வளவுதான். நம் உயிரணுவுக்குள் புகுந்து நம் ரைபோசோமை வைத்துத்தான் அது பெருகும். அதனால்தான் பெரியவர் கேட்ட மாத்திரையை நான் எழுதவில்லை. அது தாக்குவதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது.

சரி, எப்படிப் பிரிக்கிறார்கள்? 1971-இல் அமெரிக்க உயிரியலாளர் டேவிட் பால்டிமோர் ஒரு வழி சொன்னார். நம் ரைபோசோம் எம்ஆர்என்ஏ என்ற ஒரு வகை இழையை மட்டுமே படிக்கும். ஆகவே எந்த வைரஸாக இருந்தாலும் கடைசியில் எம்ஆர்என்ஏவைத் தந்தே ஆக வேண்டும். எந்தப் பொருளிலிருந்து, எந்த வழியாகத் தருகிறது என்று பார்த்தால் ஏழு பிரிவுகளில் அடங்கிவிடும். டெங்கு, சிக்குன்குனியா, போலியோ, கொரோனா ஆகியவற்றின் ஆர்என்ஏவை ரைபோசோம் நேரடியாகவே படித்துவிடும். ரேபிஸ், தட்டம்மை, ஃப்ளூ ஆகியவற்றின் ஆர்என்ஏ தலைகீழ்ப் பிரதி. அதைத் திருப்பி எழுதும் நொதியை அவை தம்மோடு கொண்டுவருகின்றன. ரோட்டா வைரஸுக்கு இரட்டை இழை ஆர்என்ஏ. சின்னம்மை இரட்டை இழை டிஎன்ஏ, மரவள்ளித் தேமல் ஒற்றை இழை டிஎன்ஏ. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி நம் மரபணுவோடு சேர்த்துவிடும். ஹெபடைட்டிஸ் பி டிஎன்ஏவாக வந்தாலும், தன்னைப் பிரதி எடுக்க ஆர்என்ஏ வழியாகச் சுற்றிப் போகும். இதன் மேல் குடும்பம், பேரினம் என்று பெயர் வைக்கும் வேலையைப் பன்னாட்டுக் குழு ஒன்று செய்கிறது.

இதெல்லாம் பாடப்புத்தகச் சமாச்சாரம் என்று தோன்றலாம். மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, டி, இ என்று அண்ணன் தம்பி மாதிரி பெயர் வைத்திருக்கிறோம். ஐந்தும் ஐந்து வேறு குடும்பங்கள். ஏ, இ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வரும். பி, சி ரத்தத்தில் வரும், பி தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும் போகும். பச்சிளம் குழந்தையின் ஈரலில் பி புகுந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டுவிட நாங்கள் பறப்பது இதற்காகத்தான். ‘காமாலைதானே’ என்று சொல்வதற்கு முன்னால் எந்த எழுத்து என்று கேளுங்கள்.

தினமும் வீட்டில் உதவும் ஒரு பிரிவினை உண்டென்றால், அது கொழுப்பு உறை உள்ளதா இல்லையா என்பதுதான். ஒரு தாய் பையிலேயே சானிடைசர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். ஆனாலும் வீட்டில் மூன்று பேருக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. “இத்தனை சுத்தமா இருந்தும் எப்படி டாக்டர்?” என்றார். கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் கொழுப்பு உறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்தால் வைரஸ் செத்த மாதிரிதான். ரோட்டா, நோரோ, என்டெரோ வகைகளுக்கு உறையே இல்லை, வெறும் புரதக் கூடு. இப்படி உறை இல்லாதவற்றில் பலவற்றை ஆல்கஹால் அவ்வளவு எளிதில் அழிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவி விட வேண்டும். குழந்தைக்கு டயப்பர் மாற்றியதும், சோறு பிசையும் முன்னும் பாட்டில் போதாது, குழாய்தான் வேண்டும்.

அதே கொழுப்பு உறைதான் நாய்க்கடியில் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் சிறுமியைத் தூக்கி வந்தது. கெண்டைக்காலில் பல் பதிந்த இடத்தில் காப்பித்தூளை அப்பி, துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ரத்தம் நின்றிருந்தது. அவர்களுக்கு அதுவே நிம்மதி. துணியை அவிழ்த்து, காப்பித்தூளைக் கரைத்து, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவினோம். அந்தப் பிள்ளை அழுததைவிட அதன் அப்பா அதிகம் அழுதார்.

துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும் ரேபிஸ் வைரஸ் உடனே மூளைக்குப் போவதில்லை. கடிபட்ட இடத்திலேயே தங்கி, நரம்பைப் பிடித்து மெல்ல ஏறும். அதற்குள் உறையைக் கரைக்க வேண்டும், ஊசியால் எதிர்ப்புச் சக்தியை எழுப்ப வேண்டும். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவுங்கள், அன்றைக்கே வாருங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியவரின் பேரனுக்கு வருகிறேன். போன மாதம் அவனுக்கு வந்தது கை, கால், வாயில் கொப்புளம் போடும், ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லும் நோய். அது என்டெரோ வைரஸ் வகை. இந்த முறை கொப்புளம் இல்லை, சளி இல்லை, கண்ணுக்குப் பின்னால் வலி, முகம் சிவந்திருந்தது. இரண்டாம் நாள் எடுத்த என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நீடித்த பாதுகாப்பு, வேறு வகை இரண்டாவதாக வந்தால் ஆபத்து கூடும். பாராசிட்டமால் மட்டும் கொடுக்கச் சொன்னேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது, ரத்தக்கசிவு வரலாம். சீட்டின் பின்னால் இரண்டு வைரஸின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். “காய்ச்சல் விட்ட அன்னைக்குத்தான் ஐயா கவனமா இருக்கணும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியறது அப்பத்தான். வயித்துவலி, நிக்காத வாந்தி, ஒண்ணுக்கு குறையறது, எது இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் கூட்டிட்டு வந்துருங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் அன்னைக்குக் காட்டிட்டுப் போங்க.”

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. பையன் இட்லி கேட்டான். வீட்டில் எல்லோரும் “அதான் சரியாயிடுச்சே” என்றிருக்கிறார்கள். பெரியவர் கேட்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார், பையன் மடியில் தூங்க, சட்டைப்பையில் அந்தச் சீட்டு. மாட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிந்ததைப் பார்த்ததாகவும், கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டதாகவும் சொன்னார். பையனுக்கு ரத்தம் எடுக்க எழுதினேன்.