கழுத்தில் வலியில்லாத கட்டி: மூக்கின் பின்னால் மறைந்திருக்கும் புற்றுநோய்

வலிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் கழுத்துக் கட்டியை மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்களை ரங்கூனில் அடிக்கடி பார்க்கிறேன். மௌல்மேன் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த விவசாயி ஒருவருக்குக் காசநோய்க் கட்டி என்று கருதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காசநோய் மிகுந்த இந்நாட்டில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால், அதே பக்கத்துக் காது நெடுநாளாக அடைத்திருந்ததையும், மூக்கைச் சிந்தும்போது சளியில் இரத்தக் கீற்று தெரிந்ததையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூக்கு வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்திச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தபோது, மூக்குக்குப் பின்னால் உள்ள மேல்தொண்டையில் புற்றுநோய் இருப்பது உறுதியாயிற்று.

உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்நோய் இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது; தென்சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் அதைவிட அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸ், பரம்பரை, உணவு ஆகிய மூன்றும் இதில் சேர்கின்றன. வைரஸ் ஏறக்குறைய எல்லார் உடலிலும் இருப்பதால் அதை எண்ணி அஞ்சிப் பயனில்லை. உணவு நம் கையில் இருக்கிறது. சீன முறையில் உப்பிட்டு உலர்த்தும் மீனை, அதில் உண்டாகும் நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருள்களைக் கருத்தில் கொண்டு, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது. பால்குடி மறக்கும் வயதில் அதை ஊட்டுவது குறிப்பாக ஆபத்தானது. மற்ற வகை உப்பு மீன்களை அம்முகமை அப்பிரிவில் சேர்க்கவில்லை. ஆகவே ஙப்பி என்ற பர்மிய மீன் விழுதைத் தொட்டுச் சாப்பிட்ட பெரியவர்கள் கலங்க வேண்டியதில்லை. குழந்தையின் சோற்றில் மட்டும் உப்பு மீனைப் பிசைய வேண்டாம் என்று தாய்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கத்தி எளிதில் எட்டாத இடம் என்பதால் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. வாரம் ஐந்து நாளாக ஏறக்குறைய ஏழு வாரம் நடக்கும். நோய் முற்றியிருந்தால் சிஸ்பிளாட்டின் மருந்தும் சேரும். தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் கண்டு, எச்சில் வற்றி, ருசி மறைந்துவிடும். அப்போது குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி எடை குறையாமல் காப்பதுதான். மிளகாயும் புளியும் இல்லாத குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர், நன்கு வெந்த முட்டை, நெய் விட்ட கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஆறேழு வேளை கொடுக்கலாம். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். குன்யா என்ற வெற்றிலைபாக்கு மெல்லும் பழக்கத்தை அன்றே நிறுத்த வேண்டும்; புகையிலை சேர்க்காவிட்டாலும் அது வாய்ப்புற்றை உண்டாக்கும்.

அந்த விவசாயியின் அக்காள், தெயின்ஜி சந்தையில் வாங்கிய மூலிகைப் பொடியைத் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் கடிந்துகொள்ளவில்லை, ஒளிக்காமல் கேட்டதே பெரிது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத பொடியில் உலோகம் இருந்தால் அந்தச் சுமை கூடும் என்று விளக்கினேன். "சத்து மாத்திரையாவது கொடுக்கலாங்களா, டாக்டர்?" என்றார். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் கனடாவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை எடுத்த காலத்தில் புதிய புற்றுநோய்கள் கூடுதலாகத் தோன்றின. அதனால் சத்தைச் சாப்பாட்டிலிருந்தே பெறச் சொன்னேன். கோயில் வழிபாடு, மூச்சுப்பயிற்சி, மாலை நடை எதற்கும் தடையில்லை. அவை மனத்தைத் தாங்குகின்றன.

அவருக்கு நான் எழுதிக்கொடுத்த துணைச் சிகிச்சைகளில் முக்கியமானது செலவே இல்லாதது: தாடை இறுகிவிடாதிருக்க, மெல்லிய மரக்குச்சிகளைப் பற்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தினமும் பலமுறை வாயைத் திறந்து பழகுவது. சிகிச்சை முடிந்த பின்னும் அவர் அதை விடவில்லை. ஒவ்வொரு வருகையிலும் எத்தனை குச்சி நுழைகிறது என்று அக்காளே எண்ணிச் சொல்கிறார்.